அகராதி பிடித்த சனிக்கிழமைகள்

எங்கள் பக்கம் ஒருவரைப் பற்றி ‘அவனுக்கு அகராதி சாஸ்தி’ என்று சொன்னால், அவர் வீட்டில் புத்தக அலமாரி இருக்கிறது என்று அர்த்தமில்லை. மட்டுமரியாதை தெரியாதவர், பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறவர் என்று அர்த்தம். இது கொங்கு நாட்டுக்கு மட்டுமான வழக்கு இல்லை, தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு ஓரமாகக் கிடக்கும் ஒரு அப்பாவிப் புத்தகத்தின் பெயர் எப்படித் திமிருக்குப் பெயராக ஆனது என்று யோசித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்கள் மேல் மற்றவர்களுக்கு வந்த எரிச்சலாக இருக்கலாம்.

எனக்கு இரண்டு அர்த்தத்திலும் அகராதி பிடித்து இரண்டு வருஷமாகிறது. வேலை ஈரோட்டில். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிபாளையம் வழியாகக் காவிரியைத் தாண்டிப் போகிறேன், தாண்டி வருகிறேன். சனியும் ஞாயிறும் விடுமுறை. திருச்செங்கோட்டில் இதை நம்ப வைப்பதே பெரும்பாடு. சனிக்கிழமை இங்கே யாருக்கும் விடுமுறை கிடையாது. தறி ஓடும். ரிக் வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்கும். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சள் ஏலம் நடக்கும். விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று டீக்கடையில் பேச்சு ஓடும். அந்த நாளில் ஒரு வயசுப் பிள்ளை திண்ணையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தால், ‘வேலய உட்டு எடுத்துட்டாங்களா சாமி?’ என்றுதான் கேட்பார்கள்.

நோட்டு என்றால் பழைய கணக்குப் பேரேடு. அதில் நான்கு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சொல், பொருள், யார் சொன்னது, எப்போது. எங்கள் வீட்டில் யார் வாயிலாவது எனக்குத் தெரியாத சொல் விழுந்தால் எழுதிக்கொள்வேன். பிறகு பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யை எடுத்து அது இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் ஒரு சந்தோஷம். இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய சந்தோஷம். எது இருந்தது, எது இல்லை என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் ஊர்ச் சொல்லை வைத்து நீங்களே ஆடிப் பாருங்கள். செலவில்லாத ஆட்டம்.

இப்படிச் சொல் பொறுக்குவது பெரிய பாரம்பரியம் உள்ள வேலைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக 1879-ல் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நீங்கள் படிக்கும் புத்தகத்தில் ஒரு சொல் எப்படி வருகிறது என்று துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். வேறு வேறு வேலையில் இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் படித்துப் படித்து லட்சக்கணக்கில் சீட்டு அனுப்பினார்கள். அகராதி முடிந்தது 1928-ல். மர்ரே 1915-லேயே இறந்துவிட்டார். நம்மிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். ஆனால் சம்சாரி வாயில் இருக்கும் சொல்லுக்குத் தனி அகராதி வர 1982 ஆக வேண்டியிருந்தது. கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்தார். எங்கள் கொங்கு அகராதி 2000-ல் வந்தது. கி.ரா. விவசாயி, பெருமாள்முருகன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். இரண்டையும் பார்த்தால், இது பல்கலைக்கழகம் கூடிச் செய்கிற வேலை மட்டும் இல்லை, ஒரு ஆள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டாலும் செய்யலாம் என்று தைரியம் வரும்.

என்னுடைய பெரிய சுரங்கம் அம்மாயி, அம்மாவின் அம்மா. எண்பது வயசாகிறது. காது கொஞ்சம் மந்தம், வாய் இல்லை. அம்மா ஒரே பெண் என்பதால் எங்களோடு இருக்கிறது.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை. என்ன எழுதற என்று கேட்டது. ‘பொழுதுபோக்கு அம்மாயி’ என்றேன்.

‘என்ன போக்கு?’

‘பொழுதுபோக்கு. பொழுதப் போக்கறது.’

‘பொழுத நாம என்னத்தப் போக்கறது? அது அதும்பாட்டுக்குப் போவுது.’

நான் சிரித்தேன். அம்மாயி சிரிக்கவில்லை. அது சொன்னதில் விளையாட்டே இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் பேச்சில் பொழுது என்றால் சூரியன். பொழுது கெளம்பிருச்சு, பொழுது உச்சிக்கு வந்துருச்சு, பொழுது உழுந்துருச்சு. சாயங்காலத்துக்குப் ‘பொழுதோட’ என்று பெயர். ‘பொழுதோட வாறேன்’ என்றால் சாயங்காலம் வருகிறேன். ஆக, நான் சூரியனைத் தள்ளிவிட உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் அம்மாயிக்குக் கேட்டிருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்குப் பொழுது போதாது. அதைப் போக்குவதற்கு ஒரு வழி தேட வேண்டும் என்பதே அதற்குப் புரியாத சங்கதி.

அப்படியானால் சும்மா இருக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘பழமை பேசுவோம்’ என்றது. பழமை என்றால் இங்கே பேச்சு. ஊர்க்கதை, உறம்பரைக்கதை எல்லாம் பழமைதான். நேற்று நடந்ததைச் சொன்னாலும் பழமை. இரண்டையும் எழுதிக்கொண்டேன். பொழுது, பழமை. சொன்னது அம்மாயி. ஆடி, சனிக்கிழமை காலை.

அந்த வாரம் அப்பா வீட்டில் இருந்தார். இந்த ஊரில் ஆடி மாசத்தில் ஆண்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள். வடக்கே மழை இறங்கினால் ஆழ்துளைக் கிணறு போடும் வேலை நின்றுவிடும், ரிக் வண்டிகள் ஊர் திரும்பும். திருச்செங்கோட்டு ரிக் போகாத மாநிலம் குறைவு. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய், கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. அப்பா 26 வருஷமாக டிரில்லர். வருஷத்தில் எட்டு ஒன்பது மாசம் அவர் எங்களுக்கு ஒரு குரல் மட்டும். மழைக்காலத்தில்தான் ஆள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தவர் திண்ணையில் கிடந்த அகராதியை எடுத்தார். அட்டையில் பெயரைப் பார்த்தார்.

‘இது அந்தாளு புஸ்தகமா?’

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2010-ல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலின் களம் இந்த ஊரும் மலைக்கோயிலும். நான்கு வருஷம் கழித்து, 2014 கடைசியில், அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் ஊரே கடையடைத்தது. அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாசமே எழுதுவதை நிறுத்திக்கொள்வதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது, பிறகு எழுதவும் ஆரம்பித்தார். அது செய்தித்தாள் கதை. வீடுகளில் நடந்தது வேறு. எங்கள் வீட்டில் யாரும் அந்த நாவலைப் படிக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும், அவ்வளவுதான்.

‘ஆமாங்ப்பா. ஆனா இது கதையில்லீங். நம்ம பேச்சுக்கு அகராதி.’

அப்பா ஒன்றும் சொல்லாமல் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். தனக்குள் படித்தார். இன்னொரு பக்கம். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு உள்ளே பார்த்து, ‘அத்தை, கவலை ஓட்டறப்ப அந்தச் சின்னக் கயித்துக்கு என்னங்க பேரு?’ என்று கேட்டார்.

‘வாலக்கயிறு.’ அம்மாயி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னது. ‘பெருசு வடக்கயிறு. மாடு எறக்கத்துல போறப்ப அவுரு வடக்கயித்து மேல ஏறி ஒக்காந்துக்குவாரு. பாரத்துக்கு.’

அவரு என்றால் என் அப்புச்சி. நான் பார்த்ததில்லை. அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு எழுதிக் கை வலித்தது. மின் மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தது கவலையில். இரண்டு மாடு சரிவில் இறங்கினால் பறி மேலே வரும், வாய்க்காலில் தண்ணீர் கொட்டும். மாடு பின்னாலேயே ஏறினால் பறி திரும்பக் கிணற்றுக்குள் போகும். இருட்டில் ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் ஒரு பாத்தி, இரண்டு பாத்தி. அந்த வேலையின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர் இருந்தது. மோட்டார் வந்ததும் மாடு போனது, கயிறு போனது, சொல்லும் போனது. ஒரு சுவிட்சுக்கு எத்தனை சொல் வேண்டும்?

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்ததுதான், ஆனால் நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் மானம் பார்த்த நிலம் காடு. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். காட்டில் மரமே இல்லாவிட்டாலும் காடுதான். ‘கெணறு இருக்கறவரைக்குந்தான் அதுக்குப் பேரு தோட்டம்’ என்றது அம்மாயி. கிணறு வற்றினால் நிலத்தின் பெயரே மாறிவிடும்.

அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார்.

‘எல்லாம் பண்ணையத்துச் சொல்லாவே இருக்குது. எங்க தொழிலுக்கு ஒண்ணுமில்லியா?’

‘நீங்க சொல்லுங், எழுதிக்கறேன்.’

அவர் விரல்விட்டு எண்ணினார். பிட்டு, ஹேமர், கேசிங், கம்ப்ரசர், ராடு. எல்லாம் இங்கிலீஷ் என்று தானே சொல்லிக்கொண்டார். நாலரை இஞ்சு, ஆறரை இஞ்சு என்று துளையின் அளவைச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ‘பொகைன்னு ஒண்ணு எழுதிக்க’ என்றார்.

‘அது எல்லாத்துக்கும் தெரியுமுங்ப்பா.’

‘எங்களுக்கு அது வேற.’

சொன்னார். ரிக் ஓடும்போது காற்றை அழுத்தி உள்ளே விடுவார்கள். ஹேமர் பாறையை நொறுக்க நொறுக்க, அந்தக் காற்று கல்மாவை மேலே தள்ளிக்கொண்டு வரும். அந்த வெள்ளைத் தூசிதான் பொகை. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு வரும். பாறையில் ஈரம் தட்டினால் தூசி நனைந்து அடங்கும், பொகை நிற்கும். அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். ‘பொகை நின்னா ஒரு நிமிசம் எல்லாரும் பேச்ச நிறுத்தீருவோம். காட்டுக்காரனப் பாப்போம். கடைசி வரைக்கும் நிக்கலைன்னா, அந்த போரு பொகையாவே போயிருச்சும்பாங்க.’

நான் எழுதிக்கொண்டிருந்தேன். முருங்கைக்கீரை உருவும் சத்தம் நின்றதைக் கவனிக்கவில்லை.

‘நம்ம தோட்டத்துல போட்டன்னிக்கு வெடிய வெடிய பொகைதான வந்துது’ என்றது அம்மாயி.

அது 2003. தமிழ்நாட்டில் தொடர்ந்து மழை பொய்த்த வருஷங்கள். ஊருக்குக் கிழக்கே அம்மாயிக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம் இருந்தது. கிணறு அடி தெரிந்துவிட்டது. அப்பா தான் வேலை பார்த்த வண்டியையே முதலாளியிடம் கேட்டு ஒரு ராத்திரிக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது நாலு வயசு. சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. 32 ராடு இறக்கினார்கள். ஒரு ராடு 20 அடி. 640 அடியில் நிறுத்தினார்கள். மூன்று வருஷம் கழித்து அந்த நிலத்தை விற்றோம். இப்போது அங்கே ஒரு ‘நகர்’ இருக்கிறது. தண்ணீர் லாரியில் வருகிறது.

ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், மாமியார் நிலத்தில் பொகையைத்தான் எடுத்தார். இந்த இருபத்தொரு வருஷத்தில் அந்த ராத்திரியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மாதொருபாகனைப் போலத்தான் அதுவும். குரல் இறங்கிவிடும்.

அப்பா திண்ணைத் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ‘பாதியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்த்தை. கல்லு அப்படி. நிறுத்துங்கடான்னு சொல்ல மனசு வல்ல.’

‘எனக்குந்தான் தெரிஞ்சுது. நானும் பாத்துட்டேதான நின்னேன்.’ அம்மாயி கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டது. ‘வெடியால பாத்தா வேப்பமரம் பூராவும் வெள்ளையா நின்னுது. பனி பேஞ்சாப்பல. அழகாத்தான் இருந்துது.’

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. யாரும் அழவும் இல்லை. அம்மாயி திரும்ப உருவ ஆரம்பித்தது. ‘பொகை’க்கு நேராக ‘யார் சொன்னது’ கட்டத்தில் முதல்முறையாக இரண்டு பேரை எழுதினேன்.

அம்மா அதுவரை உள்ளேதான் இருந்தது. விடுமுறை, பொழுதுபோக்கு, வாசிப்பு என்று நான் எழுதுவதற்கெல்லாம் பின்னால் ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கட்டுரையாகிவிடும். அம்மாவுக்குச் சனியும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. மாவுக்கையோடு வாசல்படிக்கு வந்து நின்று, ‘எல்லாரும் ஒக்காந்து பழமை பேசுனா இட்லிக்கு ஆரு ஆட்டறது?’ என்றது. பிறகு, ‘எழுதறதுதான் எழுதற, சிலுவாடுன்னு ஒண்ணு எழுதிக்க’ என்றது.

சிலுவாடு எனக்குத் தெரியும். பெண்கள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, பருப்பு டப்பாவிலும் சேலை மடிப்பிலும் யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைக்கும் காசு. முட்டை விற்றது, மோர் விற்றது, திருவிழாவுக்கு யாராவது கையில் கொடுத்தது. கணக்கில் வராத பணம்.

‘அன்னிக்கு வண்டிக்கு டீசல் ஊத்துனது என்ற சிலுவாடு’ என்றது அம்மா.

அப்பா நிமிர்ந்தார். ‘உங்கம்மா குடுத்ததுன்னுதான சொன்ன?’

‘சொன்னேன்.’

உள்ளே போய்விட்டது. அம்மாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அப்பாவும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். அன்று ராத்திரி முருங்கைக்கீரைப் பொரியல், ராகிக்களி. நால்வரும் ஒட்டுக்காக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் பாய் போட்டுப் படித்தேன். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போகும் படிகளில் ஆட்கள் எறும்பு மாதிரி ஏறுவது தெரியும். அப்பா அகராதியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க விட்டு விட்டுப் படித்தார். கண்ணாடி இல்லாமல் கையைத் தூரமாக நீட்டிப் படிப்பார். நடுவில் ஒரு தடவை, ‘இத்தனையும் ஒராளு எழுதிருக்கறாரு பாரு’ என்றார். ‘அந்தாளு’ ‘ஒராளு எழுதிருக்கறாரு’ ஆனது. நான் அதைப் பெரிதுபண்ணவில்லை. பெரிதுபண்ணினால் போய்விடும்.

வட்டார அகராதி வைத்திருப்பவர்களைப் பார்த்து, செத்துப்போன சொற்களைக் காப்பாற்றுகிறீர்களா என்று கேட்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வடக்கயிறு திரும்ப வரப்போவதில்லை. யாரும் இனி அதன் மேல் ஏறி உட்காரப்போவதில்லை. நோட்டில் எழுதி வைத்தால் மாடு வந்துவிடாது. ஆனால் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்பது, ஒருவரிடம் அவர் பாடுபட்டதைக் கேட்பதற்கு இருக்கிற நல்ல வழி. ‘அன்றைக்கு ஏன் அப்படி ஆச்சு?’ என்று நான் கேட்டிருந்தால் அப்பா எழுந்து டீக்கடைக்குப் போயிருப்பார். ‘பொகை என்றால் என்ன?’ என்றால் சொல்வார். அர்த்தம் சொல்வதில் யாருக்கும் அவமானமில்லை. அதற்குள் தன்னால் மற்றது வந்துவிடுகிறது, வராவிட்டாலும் ஒரு சொல் மிச்சம்.

மழை விட்டதும் வண்டிகள் கிளம்பின. அப்பா இப்போது சத்தீஸ்கரில் இருக்கிறார். முன்னெல்லாம் போனில் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. ‘கண்ணு, இதை எழுதிக்க’ என்று ஆரம்பிப்பார். பின்னால் கம்ப்ரசர் சத்தத்தில் பாதி கேட்காது. போன வாரம் வந்ததில் சொல் எதுவும் இல்லை. இரைச்சல், அப்புறம் இரைச்சல் குறைந்தது, யாரோ இந்தியில் கத்தினார்கள், அப்புறம் அப்பா ‘நின்னுருச்சு’ என்றார். அம்மாயி காதில் வைத்து மூன்று தடவை போட்டுக் காட்டினேன். கேட்டதா என்று தெரியவில்லை, தலையை ஆட்டியது.

நோட்டில் இப்போது 412 சொல் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டில் தறி ஓட்டும் அக்காவிடம் பேசலாம் என்றிருக்கிறேன். தறி நிற்கிற நேரம் பார்த்துப் போக வேண்டும், கரண்ட் போனால்தான் நிற்கும்.